மகள் அனுப்பிய நார்மல்

அந்த வருடங்களில் எனக்கு வேலை கொடுத்தது நாலைந்து எழுத்துகள்தான். சிட்லபாக்கம் வீட்டின் முன்னறையில் ஜன்னலோரமாக ஒரு கம்ப்யூட்டர். காதில் ஹெட்போன். காலுக்கடியில், தையல் மெஷினுக்கு இருப்பதுபோல ஒரு பெடல். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் டாக்டர் ஒருவர் நோயாளியைப் பார்த்துவிட்டு, வாயால் சொல்லிப் பதிவு செய்திருப்பார். அதைக் கேட்டு நான் டைப் அடிக்க வேண்டும். பெடலை மிதித்தால் டாக்டர் பேசுவார். காலை எடுத்தால் நிறுத்திவிடுவார். “இந்த மாதிரி ஒரு பெடல் எனக்கும் கிடைக்குமா?” என்று என் கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார், என்னைப் பார்த்துக்கொண்டே.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த வேலையை விட்ட பிறகு இதைக் கற்றுக்கொண்டேன். கற்றதில் பாதி, டைப் அடிக்காமல் தப்பிப்பது எப்படி என்பதுதான். டாக்டர்கள் சொன்னதையே சொல்லக்கூடியவர்கள். அதனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ஷார்ட்கட் வைத்துக்கொள்வோம். டபிள்யூ, டி, டபிள்யூ, என் என்று தட்டி ஸ்பேஸ் பட்டனை அழுத்தினால், நல்ல வளர்ச்சியும் ஊட்டமும் உள்ள நோயாளி என்று முழு இங்கிலீஷ் வாக்கியமே திரையில் வந்து நிற்கும். முதல் தடவை அது வந்து விழுந்தபோது தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

வீட்டில் இருந்தது அந்த ஒரே கம்ப்யூட்டர். எங்கள் தெருச் சாக்கடை அடைப்பைப் பற்றி என் கணவர் அதில் ஒரு புகார் மனு அடித்தார். ‘பாயிண்ட்’ என்பதைச் சுருக்கி அவர் அடித்த பி, டி என்ற இரண்டு எழுத்துக்கு நான் ஏற்கெனவே ‘நோயாளி’ என்று வைத்திருந்தேன். மனுவில் நோயாளி ஒன்று, நோயாளி இரண்டு என்று வரிசையாக வந்திருந்தது. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். தெருக் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கே வந்து, “என்ன சார், யாருக்கு உடம்பு சரியில்லை?” என்று விசாரித்தார்.

ஷார்ட்கட்டுகளிலேயே பெரியதற்கு ‘நார்மல்’ என்று பெயர். நோயாளிக்கு எல்லாம் சரியாக இருந்தால் டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். என்னுடைய நார்மலைப் போட்டுவிடு என்பார். நான் மூன்று எழுத்து தட்டுவேன். கண் சரி, காது சரி, இதயத் துடிப்பு சரி, வயிறு மெத்தென்று இருக்கிறது, காலில் வீக்கமில்லை என்று ஒரு பத்தி கொட்டும். அந்த ஆளுடைய காதை டாக்டர் நிஜமாகவே பார்த்தாரா என்பது அவருக்கும் கர்த்தருக்கும்தான் வெளிச்சம்.

எங்களுக்கு ஒரே மகள். மேடவாக்கம் தாண்டி ஒரு என்ஜினியரிங் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். முதல் வருடம் ஒருநாள், சிநேகிதியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தபோது மணலில் சறுக்கி விழுந்தாள். போன் எங்கோ தெறித்துப் போனது. இருட்டுகிற வரை அவள் எங்கே என்று எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் யாரோ ஒரு பெண், தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டு ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னார். தாடையில் தையல், அவ்வளவுதான். அவள் ஒரு வாரத்தில் மறந்துவிட்டாள். நான் இன்றைக்கும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே பாய்ந்து எடுக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் மெசேஜ் சட்டம் வந்தது. காலேஜ் போய்ச் சேர்ந்ததும் ஒன்று, மத்தியானம் சாப்பிட்டதும் ஒன்று. இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக வரும். “அம்மா, சாப்பிட்டேன். நல்லா இருக்கேன். கவலைப்படாதே.” அதைப் பார்த்த பிறகுதான் என் தொண்டையில் சோறு இறங்கும்.

ஒரு வியாழக்கிழமை மெசேஜ் வந்தது. சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், கவலைப்படாதே. படித்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். மேடையில் அவளுடைய டிபன் பாக்ஸ் இருந்தது. காலையில் நான் கட்டி வைத்த தேங்காய் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் அப்படியே உள்ளே இருந்தன.

போனில் பழைய மெசேஜ்களைத் திறந்து பார்த்தேன். நேற்று வந்தது, அதற்கு முந்தின நாள் வந்தது, எல்லாம் ஒரே வாக்கியம். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. வேறு யாருக்கும் இது உறைத்திருக்காது. நாள் முழுக்க அதையே செய்துகொண்டிருப்பவளுக்குப் பார்த்ததும் புரிந்தது. என் மகள் எனக்கு நார்மல் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். கணவருடைய ஆபீசுக்குப் போன் செய்தேன்.

“ஏங்க, இவ எங்க இருக்கான்னே நமக்குத் தெரியாதுங்க.”

“காலேஜ்ல இருப்பா.”

“அதை யாரு சொன்னது? அந்த மெசேஜ்தானே? அது தானா வருதுங்க. ரோட்டுல விழுந்து கிடந்தாக்கூட நல்லா இருக்கேன்னுதான் வரும்.”

“ரோட்டுல விழுந்து கிடக்கறவ பட்டனை அழுத்துவாளாம்மா?”

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் நான் செருப்பு மாட்டிவிட்டேன். டாக்டரைப் பாதி வாக்கியத்தில் விட்டுவிட்டு, டிபன் பாக்ஸை ஒரு பையில் போட்டுக்கொண்டு, கேம்ப் ரோடு வரை ஆட்டோ, அங்கிருந்து பஸ். வழியெல்லாம் ரோட்டோர மணலைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

காலேஜ் கேட்டில் செக்யூரிட்டி எழுந்து வந்தார்.

“இன்னாம்மா, யாரப் பாக்கணும்?”

“என் பொண்ணை. செகண்ட் இயர். மெசேஜ் வந்துது, ஆனா அவ அனுப்பலை.”

“அவங்க அனுப்பல, ஆனா வந்துச்சா?” அவர் என் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். “பையில இன்னா கீது?”

“தேங்காய் சாதம்.”

“அதச் சொல்லும்மா மொதல்ல. இதுக்குப் போயி இம்மாம் பேஜார் ஆயிக்கினு கீறியே. கேன்டீன் அந்தாண்ட கீது, போ.”

கேன்டீனில் கடைசி மேஜையில், சிரித்துக்கொண்டு, யாருடையதோ டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள் என் மகள். நான் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவள் எழுந்து ஓடி வந்தாள்.

“அம்மா! அப்பாவுக்கு என்னாச்சு?”

“அப்பாவுக்கு ஒண்ணும் இல்லை. நீ சாப்பிடலை.”

“இவங்க டப்பாவுலேருந்து அப்பவே சாப்பிட்டேம்மா, இது ரெண்டாவது ரவுண்டு. போன் சைலன்ட்ல இருக்கு. மெசேஜ்கூட அனுப்பினேனே.”

“பாக்ஸ் வீட்டுல இருக்கு, சாப்பிட்டேன்னு மெசேஜ் வருது. அதை நீ டைப்பே அடிக்கலை. போன்ல எழுதி வெச்சுக்கிட்டு அனுப்பறே. எனக்குத் தெரியாதா?”

அவள் முகம் சிவந்தது. பெஞ்சுக்கடியில் கையை வைத்து, பார்க்காமலேயே அனுப்ப முடியும் என்று ஒப்புக்கொண்டாள். அந்த போனில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறதாம்.

“ஆனா பொய் இல்லையேம்மா? சாப்பிட்டேன், நல்லா இருக்கேன். எதும்மா பொய்?”

“உண்மைதான். ஆனா நீ பார்த்துச் சொல்லலை. வேற எப்படி இருந்திருந்தாலும் இதேதான் வந்திருக்கும்.”

“நீ மட்டும் என்ன? பத்திரமா போ, ஓரமா நட, தண்ணி குடி. எல்.கே.ஜி.யிலேருந்து ஒரு வார்த்தை மாத்தியிருக்கியா? உனக்கு பட்டன்கூட வேண்டாம், வாயைத் திறந்தாலே முழுசா வருது.”

மேஜையில் இருந்த பெண்கள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனார்கள். எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். சிரிப்புதான் வந்தது. அழுகையும் கொஞ்சம் சேர்ந்து வந்ததால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதற்குள் ஒரு பெண் பையைத் திறந்து, “ஆன்ட்டி, உருளைக்கிழங்கு!” என்று அறிவித்துவிட்டாள். பிறகு பாக்ஸில் எதுவும் மிஞ்சவில்லை.

“உன் டாக்டருங்க எல்லாரும் நார்மல்தானே போடறாங்க? அவங்களை நம்பறே இல்ல?” என்றாள் மகள்.

“எல்லாரையும் நம்பறதில்லை. சில பேர்தான் ஒழுங்கு. என் நார்மலைப் போடு, ஆனா இடது முழங்கால்ல மட்டும் லேசா வீக்கம் இருக்கு, அப்படின்னு சொல்லுவாங்க. அந்த ‘ஆனா’ வந்துட்டா, மனுஷன் நிஜமாவே குனிஞ்சு பார்த்திருக்கார்னு அர்த்தம்.”

“அப்ப இவளையும் தினம் ஒரு ‘ஆனா’ போடச் சொல்லுங்க ஆன்ட்டி,” என்றாள் வறுவலைக் காலி செய்தவள்.

அப்படித்தான் முடிவானது. நார்மலை அவள் பட்டனிலேயே அனுப்பிக்கொள்ளலாம். பின்னால் ஒரே ஒரு வரி, அன்று கண்ணால் பார்த்தது, கையால் அடிக்க வேண்டும்.

மறுநாளே வந்தது. “நார்மல். ஆனா டிராயிங் சார் இன்னிக்கு தலைக்கு டை அடிச்சிட்டு வந்திருக்கார்.” அதற்கடுத்து, “நார்மல். ஆனா காலேஜ் பஸ்ல ஒரு கோழி. யாரோடதுன்னு தெரியலை.” நான் அடித்துக்கொண்டிருந்த நுரையீரலை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். சாயங்காலம் கணவருக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் கோழியைப் பற்றி இரண்டு நாள் விசாரித்துக்கொண்டிருந்தார். “நார்மல். ஆனா கணக்குல அரியர் விழும்போல இருக்கு” என்று ஒன்று வந்தபோது மட்டும் நான் சிரிக்கவில்லை. “இதை ‘ஆனா’வுல ஏன் போட்டா? இது நார்மல்லயே சேர்ந்ததுதானே?” என்றார் அவர்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது உள்ளேதான் இருந்தது. ஆனால் மத்தியானத்தில் ஒரு கோழியும் அதோடு வந்து உட்கார்ந்தால், பயத்துக்கு இடம் கொஞ்சம் குறைந்துவிடுகிறது.

மழைக்காலம் தொடங்கி, தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற ஒரு நாள் வந்தது இது: “நார்மல். ஆனா சார்ஜ் தீரப்போகுது. சாயங்காலம் வரைக்கும் போன் ஆஃப். பஸ் லேட்டாகும்.” மேடவாக்கம் ரோட்டில் மழையில் என்னென்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய்க் குடையை எடுத்தேன். குடையோடு வாசலில் நின்று அந்த மெசேஜை இன்னொரு முறை படித்தேன். அவள் தன் போனையும் வானத்தையும் பார்த்துவிட்டுத்தான் இதை அடித்திருக்கிறாள். குடையை மாட்டிவிட்டுத் திரும்ப வந்து பெடலில் காலை வைத்தேன். டாக்டர் பேச ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் கணவர் கூப்பிட்டார். அவருக்கும் மெசேஜ் போயிருக்கிறது.

“பஸ்ல இருக்கியா, காலேஜ் கேட்டுல இருக்கியா?”

“வீட்டுல. ஃபைல் முடிக்கணும். அவதான் லேட்டாகும்னு சொல்லிட்டாளே.”

அவர் மிகவும் மரியாதையாக, “மன்னிக்கணும் மேடம், ராங் நம்பர் போட்டுட்டேன் போல இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டார்.