பச்சை விளக்கும் ஒரு ஜோடி செருப்பும்

வான்மதிக்கு அசையாமல் உட்காரத் தெரியும். கோபிசெட்டிபாளையத்தில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அப்படித்தான். ஒரு வேலையில் இறங்கினால் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிடுவாள். அமெரிக்காவில், சான் ரமோனில் பார்த்த சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு அந்தக் குணம் நன்றாகக் கைகொடுத்தது. மேனேஜர்கள்கூடப் புகழ்ந்தார்கள். அதே குணம் ஒரு நாள் தன் மானத்தை வாங்கப் போகிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

2008-ல் மகன் இளமாறன் பிறந்தான். மூன்று மாதத்தில் அவனை டேகேரில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள். ஆபீஸில் இருக்கும்போதே பம்ப் வைத்துப் பால் எடுத்து, மறுநாள் டேகேருக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். அதற்கு இருந்த ஒரே இடம் இரண்டாவது மாடியின் க்வயட் ரூம். அது அவளுக்கு மட்டுமா? தலைவலிக்காரர்கள் சாய்ந்துகொள்ள, ரகசியமாய் போன் பேசுகிறவர்கள் பேச, பக்கத்து டீம் குத்புதீன் மதியத் தொழுகை தொழ, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே அறைதான்.

கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட ஃபெசிலிட்டீஸ் மேனேஜர் பாலசுப்ரமணியன் நல்ல மனிதர்தான். அந்த வருடம் அவருக்கு ஸ்மார்ட் லைட் பித்துப் பிடித்திருந்தது. பொது அறை ஒன்று விடாமல் சென்சார் மாட்டினார். ஆள் நுழைந்தால் விளக்கு தானே எரியும். பத்து நிமிடம் அசைவில்லாவிட்டால் தானே அணையும். கதவுக்கு வெளியே ஒரு குட்டி விளக்கு வேறு. சிவப்பு எரிந்தால் ஆள் இருக்கிறது, பச்சை எரிந்தால் காலி. அதுதான் விளக்கே சொல்லிவிடுமே, தாழ்ப்பாள் எதற்கு என்று அதையும் கழற்றிப் போட்டார். கரண்ட் பில் குறைந்ததில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

வான்மதியின் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. இரண்டு கையிலும் இரண்டு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விளக்கு பொசுக்கென்று போகும். காலை ஆட்டுவாள். எரியாது. சாமி வந்தவள் போலத் தலையை ஆட்டுவாள். ஊஹூம், கையைப் பெரிதாக வீசினால்தான் அது எரியும். மனம் பதறினால் பால் இறங்காது. இதெல்லாம் அந்தச் சென்சாருக்கு எங்கே தெரியப் போகிறது? பாட்டிலில் பால் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. டேகேர்க்காரி பவுடர் பால் கொடுக்கலாமா என்று கேட்டாள். வான்மதிக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு நாள் அவள் இருட்டில் உட்கார்ந்திருக்கையில் குத்புதீன் கதவைத் திறந்துவிட்டார். அவள் அத்தனை ஆட்டு ஆட்டியும் வராத வெளிச்சம், அவர் கால் வைத்ததும் பளீரென்று வந்தது. "யா அல்லா!" என்று திரும்பி ஓடிய மனிதரின் தொழுகை விரிப்பு வாசலிலேயே விழுந்து கிடந்தது. அன்று அவள் எடுத்த பால் பாட்டிலின் அடியைக்கூட மறைக்கவில்லை.

அதற்குப் பிறகு குத்புதீன் அந்த அறைப் பக்கமே வரவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் விரிப்பைப் போட்டு அவர் தொழுவதைப் பார்த்தபோது அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. விரிப்பைச் சுருட்டும்வரை காத்திருந்து அருகில் போனாள்.

"மன்னிச்சுக்கம்மா தங்கச்சி," என்றார் அவர், படியைப் பார்த்தபடி. "பச்சை லைட் எரிஞ்சுது. அதை நம்பித்தான் திறந்தேன்."

"நீங்க என்னங்கண்ணா பண்ணுவீங்க? அந்தக் கருமம் புடிச்ச லைட்டைச் சொல்லணும்."

"எனக்கும் தொழுதுட்டு அமைதியா உக்காந்தா லைட் போயிடுதும்மா. யாராச்சும் போனோட உள்ள வந்துடறாங்க." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணலாம். நான் எப்படியும் ஷூவைக் கழட்டுவேன். அதை வெளிய விட்டுடறேன். நீயும் செருப்பை வாசல்ல விட்டுட்டுப் போ. லைட்டைப் பாக்கவே வேணாம்."

இவ்வளவுதான். செருப்பு கிடந்தால் ஆள் இருக்கிறது. மற்றவர்களும் எதற்கென்று புரியாமலேயே செருப்பைப் பார்த்துத் தயங்கித் திரும்பினார்கள். வான்மதி நிம்மதியாக மூச்சு விட்டாள். பாலும் கொஞ்சம் கூடியது.

இரண்டு வாரம்கூட அந்த நிம்மதி நிலைக்கவில்லை. ஒரு மதியம் அவள் வெளியே வந்தால் செருப்பைக் காணோம். ஆபீஸ் முழுக்க வெறுங்காலோடு தேடினாள். கடைசியில் அது பாலசுப்ரமணியன் அறையில், தொலைந்த பொருள் பெட்டிக்குள் கிடந்தது.

"உங்களுதாம்மா? ரூம் வாசல்ல கெடந்துச்சு. யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு எடுத்து வச்சேன்."

"நான் உள்ளதாங்க சார் இருந்தேன்."

"இல்லையே. சிஸ்டம்ல வேகண்ட்னு காட்டுச்சே."

"ஏனுங்க சார், உங்க வீட்டு வாசல்ல செருப்பு கெடந்தா என்ன அர்த்தம்?"

"உள்ள ஆள் இருக்காங்கன்னு அர்த்தம்."

"அப்புறம்?"

"ஆனா இங்க சிஸ்டம் வேகண்ட்னு காட்டுச்சேம்மா!"

வான்மதிக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் எதற்கு அந்த அறைக்குப் போகிறாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மேசையைப் பார்த்துக்கொண்டே, "லைட் போனா கையைக் கொஞ்சம் ஆட்டுங்கம்மா, போதும்," என்றார்.

"ரெண்டு கையிலயும் பாட்டில் இருக்குங்க சார். பால் பாட்டில். எந்தக் கையை ஆட்டட்டும்?"

அவர் முகம் சிவந்தது. வாழ்நாளில் யாரையும் அதட்டியறியாத வான்மதி அன்று அவரைக் க்வயட் ரூம் வரை நடத்திக்கொண்டு போனாள். வழியில் பேன்ட்ரியில் இரண்டு டம்ளர் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பினாள்.

"ஷூவை வெளிய விடுங்க. இதை ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு உக்காருங்க. ஒரு சொட்டு சிந்தக் கூடாது. அது என் புள்ளையோட பால்னு நெனச்சுக்குங்க."

"பத்து நிமிஷம்தானே," என்று சிரித்துக்கொண்டே போனார். தன் சிஸ்டத்தின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

பெட்டியிலிருந்து செருப்பை எடுக்க மறந்த அவள் வெளியே வெறுங்காலோடு நின்றாள். கொஞ்ச நேரத்தில் சிவப்பு போய்ப் பச்சை எரிந்தது. குத்புதீன் விரிப்போடு வந்தார். வாசலில் கிடந்த கறுப்பு ஷூவைப் பார்த்தார், பேசாமல் ஓரமாக நின்றுகொண்டார். பின்னாலேயே ஓர் அமெரிக்க இளைஞன் போனைக் காதில் வைத்தபடி வந்தான். பேச்சு மும்முரத்தில் கீழே பார்க்கவில்லை. பச்சையைப் பார்த்தான், கதவைத் தள்ளினான். விளக்கு பளீரென்று எரிந்தது.

"ஏய், ஆள் இருக்கு!" என்று உள்ளேயிருந்து தமிழில் ஓர் அலறல்.

இரண்டு டம்ளர் தண்ணீரும் பாலசுப்ரமணியனின் பேன்ட்டில் இருந்தது. எந்த இடத்தில் என்று சொல்ல வேண்டியதில்லை. வான்மதி சிரிக்கவில்லை. தினமும் தான் பட்டது அதுதான் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை கதவின் உள்பக்கம் ஒரு சாதாரண இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. அப்போதும் மனிதர் சிஸ்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. "டெம்பரரி சொல்யூஷன்தாம்மா," என்றார்.

வான்மதி செருப்பைப் பழக்கதோஷத்தில் வாசலிலேயே விட்டாள். தாழ்ப்பாள் போட்டாள். பத்து நிமிடத்தில் வழக்கம்போல் விளக்கு அணைந்தது. வெளியே பச்சை எரிந்திருக்கும். யாரோ கைப்பிடியைத் திருகிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் காலை ஆட்டவில்லை, தலையை ஆட்டவில்லை. இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பால் இறங்கிக்கொண்டே இருந்தது.