குடிக்காத மோர்

ஜெயங்கொண்டத்திலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்கு முந்திரிப் பருப்பு ஏற்றிப் போகும் லாரிகளில் நான் காவலுக்குப் போவேன். வழியில் யார் எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கக்கூடாது, என்ன லோடு என்றும் சொல்லக்கூடாது என்பது முதலாளி கட்டளை. டீயில் மருந்து கலந்து கொடுத்து, லாரியையே ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இருந்தார்கள்.

ஒருமுறை பெரம்பலூர் தாண்டி அச்சு முறிந்தது. மெக்கானிக்கைக் கூட்டிவர டிரைவர் பஸ் ஏறிவிட்டார். மொட்டை வெயில். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் லாரி நிழலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வந்து தூக்குவாளியை நீட்டினார்.

"மோருங்க, குடிங்க."

நாக்கு வறண்டு கிடந்தது. "வேண்டாங்க" என்றேன். காரணத்தைச் சொல்ல முடியாது. என்ன எழவு பிழைப்பு இது!

அவர் வாளியை மூடினார். "நாங்க குடுத்தா குடிக்க மாட்டீங்க, மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நானும் உங்க ஜனம்தான் என்று பின்னாலேயே ஓடிச் சொல்லியிருப்பேன். லோடை விட்டு நகரக்கூடாதே.

பருப்பு குறைவில்லாமல் கப்பலேறியது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

எங்கள் தெருவுக்கு வரும் ஆபீஸ் ஆட்களிடம் தண்ணீர்ச் செம்பை நீட்டி, அவர்கள் வேண்டாமென்றதும் அதே வார்த்தையைச் சொல்லி உள்ளே திரும்பியவள் என் அம்மா.