பாஞ்சாலி அண்ணிக்கு வந்த கிண்ணம்

என் பெரியப்பா மகன் சின்னதம்பி அண்ணன், எழுபத்தெட்டாம் வருஷம் ஜவ்வாது மலையை விட்டு இறங்கி ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அங்கே எவர்சில்வரை மாவாக வைத்திருப்பார்களாம். அதில் உப்பு மாதிரி ஒரு வெள்ளைத் தூளைக் கலப்பதுதான் அண்ணன் வேலை.

அப்போது கல்யாணமாகி நாலே மாதம். பாஞ்சாலி அண்ணி சாமைக் கொல்லையைப் பார்த்துக்கொண்டு மலையிலேயே இருந்தாள். எட்டு மாதம் அண்ணன் வரவில்லை. பிறகு ஒடுகத்தூர் சந்தைக்குப் போய்வந்த ஆள் கையில் சின்னதாக ஒரு எவர்சில்வர் கிண்ணம் வந்தது. எழுதத் தெரியாத அண்ணன் வாய்ச்சொல்லாக ஒன்றுதான் சொல்லியனுப்பியிருந்தார், தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லி.

அண்ணி ஊற்றினாள். ஓட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் கிண்ணம் சுற்றிலும் வியர்த்து, சொட்டுச் சொட்டாக அத்தனையும் போய்விட்டது.

பார்த்துக்கொண்டிருந்த மணியம்மாள் அத்தை, பிணத்தைச் சுற்றிவரும் ஓட்டைக் குடத்தை நினைத்துவிட்டாள். “கொள்ளிக்கொடந்தாண்டி இப்பிடி ஒழுவும். உன்னத் தலமுழுகிட்டான். வாயால சொல்ல வெக்கப்பட்டு சாமான அனுப்பிக்கிறான்.”

“அவரு அப்பிடி ஆளு இல்ல அத்த,” என்றாள் அண்ணி. ஆனால் அன்று கஞ்சி குடிக்கவில்லை. மறுநாள், அதே ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கம்பெனி வாசலுக்கு அண்ணன் வந்தார். புருவமெல்லாம் சாம்பல் நிறத் தூள்.

அண்ணி கிண்ணத்தை நீட்டினாள். “இதுக்கு இன்னா அர்த்தம்? நான் வாணாம்னா வூட்டுக்கு வந்து சொல்றது.”

அண்ணன் முழித்தார். “கசியணும்னுதான் புள்ள அத செய்யறோம், மருந்து வடிகட்ட. மாவ அழுத்தி சூளையில வெப்பாங்க. உருகக் கூடாது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினா போதும். நான் கலக்குற தூளு சூட்டுல ஆவியா பூடும். அது இருந்த எடம் கண்ணு கண்ணா நிக்கும். கூடப் போட்டா நொறுங்கும், கொறஞ்சா கசியாது. மொதமொத சரியா வந்தத உனக்குன்னு கேட்டு வாங்கினேன். பாத்து அசந்துபோவன்னு நெனச்சேன்.”

“எட்டு மாசமா அசந்துதான் கெடக்கறேன்.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். “சாமை அறுப்புக்கு வர்றேன். நீ போ.”

“நான் போவல.” அண்ணி என் பக்கம் திரும்பினாள். “கொல்லைய நீயும் உன் வூட்டுக்காரரும் பாத்துக்கங்க.”

அங்கேயே ஒற்றை அறையில் குடித்தனம் வைத்தார்கள். லீவு நாளில் பக்கத்துப் பாறைமேல் ஏறி, தூரத்தில் நீலமாகத் தெரிவதைப் பார்ப்பார்களாம். நான் போயிருந்தபோது என்னையும் கூட்டிப்போனார்கள். அதுதான் நம்ம மலை என்றார் அண்ணன். இல்லை, நம்முடையது அதற்கும் பின்னால் என்றாள் அண்ணி. எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் ஆமாம் என்றேன்.