அம்மாவுக்கு விட்ட முன் சீட்

எங்கள் அம்மா போய் ஓர் ஆண்டாகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அம்மாவை என்னைவிட நீண்ட காலம் அறிந்தவர்கள். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்படி ஆக்கியவர் அம்மா.

அம்மா கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தார். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படவில்லை. பிறகு கொழுந்துக் கூடை. நான் உயர்தர வகுப்புப் படிக்கக் கண்டிக்குப் போன வருடம், அம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போனார். பிறகு நான் பல்கலைக்கழகம் போனதும், அங்கே பார்ப்பவர்களிடமெல்லாம், "எம் மக கெம்பஸ்ல படிக்கிறா" என்று சொல்லுவாராம்.

படித்தவர் ஒருவர் சொல்லிவிட்டால் அம்மா மறுகேள்வி கேட்கமாட்டார். மருந்துப் போத்தலோ பஸ்ஸின் பெயர்ப்பலகையோ, நான் வாசித்துச் சொன்னால் அதுதான் முடிவு. "ஒனக்கு மக சொல்றதுதான் வேதவாக்கு" என்று கொழுந்து மலையில் பெண்கள் கேலி பண்ணுவார்கள். அம்மா அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

இனி வெளிநாடு போகமாட்டேன் என்று சொல்லித்தான் அம்மா போன வருடம் அங்கிருந்து ஊருக்குப் புறப்பட்டார். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் லயமே வேன் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். நாங்கள் நானா என்று கூப்பிடும் கட்டுகஸ்தோட்டை முஸ்லிம் அண்ணன் வேன் கொண்டுவந்தார். திரும்பும் வழியில் கடுகண்ணாவ மலை வளைவுகளில் அம்மாவுக்குத் தலை சுற்றும் என்பதால் முன் சீட்டைக் காலியாக விட்டு, அதில் முகர்ந்து பார்க்க ஒரு தேசிக்காயும் வைத்தோம். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்த மாமா, "மகாராணிக்கு சிம்மாசனம், நமக்கு மூட்டை ஏத்துற எடமா?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

வழியில் அம்மாவின் அழைப்பு வந்தது. விமானத்தில் ஏற்றி, இஞ்சினில் கோளாறு என்று இறக்கி, இப்போது மறுபடி ஏறச் சொல்கிறார்களாம். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"படிச்சவங்க பாத்து சரியாக்கிட்டாங்களாம் பாப்பா. நமக்கு என்னா தெரியும்? நீ அந்த முன் சீட்ட மட்டும் யாருக்கும் குடுத்துறாத."

மேலே கிளம்பிய சிறிது நேரத்திலேயே அந்த விமானம் விழுந்துவிட்டது. விமான நிலையத்தில் எங்களை ஓர் அறையில் உட்காரவைத்துச் சொன்னார்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னவள் நான். திரும்பி வரும்போது பின்னால் நெரிசல் தாங்காமல் எழுந்த மாமா குனிந்து நின்றுகொண்டே வந்தார். முன் சீட்டில் யாரும் உட்காரவில்லை.

பல வாரங்களுக்குப் பிறகு அம்மாவை வைத்த பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று சீல் வைத்திருந்தார்கள். வாய்க்கரிசி போடும் நேரம் அப்பா அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மூடி வச்சிருக்காங்களே பாப்பா, எங்க போடுறது?" எனக்குத் தெரியவில்லை. மூடியின் மேல் போட்டோம். அரிசி வழுக்கிக் கீழே கொட்டியது. அம்மாவின் வாய்க்கு ஒரு மணிகூடப் போய்ச் சேரவில்லை.

பின்னர் விசாரணை நடந்தது. இஞ்சினுக்குள் ஒரு பாகத்தில் முன்பே வெடிப்பு விழுந்திருந்ததாம். அன்று பழுதுபார்த்தது வேறொன்றையாம். அதையும் அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அத பாத்தவங்களும் படிச்சவங்கதானே?"

"ஆமாப்பா" என்றேன்.

அம்மா சொன்ன அந்த 'படிச்சவங்க'ளில் நானும் ஒருத்தி.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உலை வைத்த அயலவர்களுக்கும், குழி வெட்டிய தோட்டத்து அண்ணன்மாருக்கும், பெட்டியைக் கொண்டுவர அலைந்த மாமாவுக்கும், கூப்பிடாமலே வந்து நிற்கும் நானாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. ஆத்மா சாந்தி அடைந்தது என்று எழுதி முடிக்கச் சொன்னார்கள். எனக்குத் தெரியாததை எழுத வரவில்லை. தெரிந்தது ஒன்றுதான்.

அம்மா, முன் சீட்டை யாருக்கும் கொடுக்கவில்லை.