ரொம்சோசில் பால் பொங்கிய வீடு

வேலணைச் சண்முகலிங்கத்தின் இளைய மகள் மங்களேஸ்வரி. அவளைக் கட்டியவர் இரத்தினவேல். ஊரில் இவ்வளவு சொன்னால் போதும். அவள் எந்த வளவு, எந்தக் கிணற்றடி என்பதெல்லாம் கேட்பவருக்கு விளங்கிவிடும். நொர்வேயில், ஒஸ்லோ நகரின் ஓரத்தில், மலைக்காட்டுக்குள் எழுப்பிய ரொம்சோஸ் குடியிருப்பில் அப்படிச் சொல்லி விளங்கவைக்க ஒரு சனமும் இல்லாமற் போயிற்று.

பிள்ளைகள் இல்லை. மங்களேஸ்வரி கண்மூடிச் சில வருஷமாகிறது. ஒருகாலம் அந்தக் கட்டிடத்தில் படிக்கு ஒரு தமிழ்க் குடும்பம். கை கொஞ்சம் நிமிர்ந்ததும் ஒவ்வொருவராகத் தோட்டம் வைத்த வீடு தேடி லோரன்ஸ்கூக் பக்கம் போய்விட்டார்கள். கடைசியாகப் போனவர் மகேந்திரராசா.

அந்தப் புரட்டாசியில் குடியிருப்பின் பழைய கதையைக் காட்டக் கண்காட்சி வைப்பதாக வாசலில் ஒட்டியிருந்தது. படம் கொண்டுவரலாம், அயலவர் யாராவது அந்தப் படத்துக்குக் கதை சொன்னால் அது சுவரில் ஏறும். இரத்தினவேல் பெட்டியைக் கிளறி ஒன்றை எடுத்தார். எல்லாரும் கூடி முற்றம் கூட்டும் நாளில், சேலைக்கு மேல் குளிர்ச்சட்டையும் கையில் தும்புத்தடியுமாக மங்களேஸ்வரி.

மகேந்திரராசா தொலைபேசியில் சிரித்தார். "அண்ணை, உங்களுக்கென்ன விசரே? வெள்ளைக்கு எங்கடை மங்களக்காவை ஆரெண்டு தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாட்டி அவள் இஞ்சை இருந்தவள் எண்டதுக்கு என்னடாப்பா சாட்சி? எனக்குப் பிறகு?"

"அந்த வீட்டைப் பூட்டிப்போட்டு இஞ்சாலை வாங்கோ. கத்தரி காய்ச்சுக் கொட்டுது."

இரத்தினவேல் படத்தோடு கண்காட்சி மண்டபத்துக்குத்தான் போனார்.

மேசையில் இருந்த இளம்பெண், "இவர் யார்?" என்று நொர்வேஜிய மொழியில் கேட்டாள். பழகிய வாய் அவள் மொழியிலேயே, "வேலணைச் சண்முகலிங்கத்தின் இளைய மகள்" என்றது. அவள் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் படத்தை மேசையில் வைத்தாள்.

வந்தவர்கள் எடுத்துப் பார்த்தார்கள், வைத்தார்கள். கோப்பி ஆறிப்போயிற்று. பிறகு கீழ்வீட்டு நொர்வேக்காரி குன்வோர் கிழவி, பிடித்து நடக்கும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

"தெரியேல்லை" என்றாள் தன் மொழியில்.

இரத்தினவேல் மேசைக்குக் கிட்ட வந்தார். இவளுக்கே தெரியாவிட்டால் வேறு யாருக்கு?

"நாங்கள் குடிவந்த நாள்..." என்று தொடங்கினார். புதுவீட்டில் பால் காய்ச்சினால் பொங்கி வழியவேண்டும். மங்களேஸ்வரி மின்னடுப்பை முழுதாகத் திருகிவிட்டு, "பொங்கட்டும், பொங்கட்டும்" என்று பார்த்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கிச் சூட்டுத்தட்டில் கருகி, புகைமணி அலறி, கட்டிடம் முழுக்கப் பனியில் இறங்கி நின்றது.

குன்வோர் மேசையைத் தட்டினாள். "அந்தப் பால்காரி! நான் இரவுச்சட்டையோடை நிண்டனான். மூண்டு தீயணைப்பு வண்டி வந்தது. பாவம், அழுதுகொண்டு எல்லாருக்கும் கோப்பையிலை பால் தந்தவள்."

வந்தது ஒரே வண்டி. மங்களேஸ்வரி அழவும் இல்லை. வயிறு நோகச் சிரித்தவள். இரத்தினவேல் படத்தை இளம்பெண்ணின் பக்கம் நகர்த்தினார். இளம்பெண் கிழவி சொன்னபடியே எழுதிப் படத்தைச் சுவரில் ஏற்றினாள்.

"நல்லகாலம் இண்டைக்கு வந்தனான்" என்றாள் குன்வோர். "வாற மாதம் பேர்கனிலை மகளிட்டைப் போறன். இனி வரமாட்டன்."

அவளை வாசல் வரை விட்டுவிட்டு இரத்தினவேல் படியேறினார். மற்றக் கதவுகளில் அவருக்கு வாசிக்கத் தெரியாத பெயர்கள். குசினியில் தேத்தண்ணிக்குப் பாலை வைத்தார்.

"மூண்டு வண்டியாமப்பா, கேட்டியே? நீ அழுதனியாம்" என்று மங்களேஸ்வரிக்குச் சொன்னார்.

பால் விளிம்புக்கு ஏறி வந்தது. கை தன்பாட்டில் அடுப்பைத் தணித்தது.