கோடு விழுந்த தாவணி

வெள்ளை வேண்டாம் என்று போட்டோகிராபர் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மரக்காணத்தில் எங்கள் ஸ்கூலில் பெண்களுக்குப் பச்சைப் பாவாடை, வெள்ளைத் தாவணி. பதினொன்றாம் வகுப்பை முடிக்கிறவர்களுக்கு வருஷா வருஷம் குரூப் போட்டோ உண்டு. திண்டிவனத்திலிருந்து ஒருவர் மூணு கால் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார். மைதானத்துக்கு அந்தப் பக்கம் உப்பளம். வெயில் பாத்திகளில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கும். முந்தின வருஷத்துப் போட்டோவில் பெண்கள் வரிசை மொத்தமும் வெளிறிப்போய், தலைகள் மட்டும் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அதனால்தான் எங்களுக்கு மட்டும் அந்த ஒரு நாள் கலர் டிரஸ் என்று ஹெட்மாஸ்டர் ஒப்புக்கொண்டார்.

வகுப்பில் பெண்கள் நாங்கள் நாலு பேர். அந்த வாரம் பாடம் எதுவும் காதில் ஏறவில்லை. எந்தக் கலர் போட்டோவில் எப்படி விழும்? கண்ணை முக்கால்வாசி மூடிப் பார்த்தால் கலர் போய்விடும், கருப்பும் வெளுப்பும்தான் நிற்கும் என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஊரெல்லாம் நடந்தேன். தமிழ் ஐயாவின் சைக்கிளில் போய் மோதினேன். என் பக்கத்தில் உட்காருகிற சிநேகிதி மீனவக் குப்பத்துப் பெண். அவள் வாய்க்கு யாரும் தப்ப முடியாது. இப்படியே நடந்தால் போட்டோவில் தலையில் கட்டோடுதான் நிற்பாய் என்றாள். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அக்காவின் மெரூன் தாவணி என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டாள். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. ஒரு முடிவோடு ஒரு வாரம் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

என்னிடம் இருந்தது மூன்று தாவணி. சந்தனக் கலர், ரோஸ், தீபாவளிக்கு எடுத்த கருநீலம். மூன்றையும் பாயில் விரித்து, கதவருகில் நின்று, கண்ணைச் சுருக்கி, தூரம் போய், கிட்ட வந்து பார்த்தேன். சந்தனம் வெள்ளையாகிவிட்டது. ரோஸ் சாம்பலாகிவிட்டது. கருநீலம் நின்றது.

அம்மா அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்தாள். காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்து, விரித்திருந்ததைப் பார்த்துவிட்டு, தனித் தனியாகவும் எடுப்பாரா என்று மட்டும் கேட்டாள். வேண்டுமென்கிறவர்களுக்கு எடுப்பார் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் டிரங்குப் பெட்டியிலிருந்து அவளுடைய கல்யாணப் பட்டு வெளியே வந்தது. அரக்குக் கலர், ஓரத்தில் சரிகை.

வந்தவாசிப் பக்கம் ஒரு இடம் இருப்பதாக மாமா ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு ரைஸ் மில்லில் வேலை. முதலில் ஒரு போட்டோ அனுப்பட்டும், பிடித்திருந்தால் பரீட்சை முடிந்ததும் வந்து பார்க்கிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். போட்டோவுக்காகத் திண்டிவனம் போக வேண்டும் என்று இருந்த அம்மாவுக்கு, போட்டோகிராபரே வாசலுக்கு வருவது சாமி கொடுத்ததுபோல ஆகிவிட்டது. புடவை கட்டி ஒன்று எடுத்துவிட்டால் அதையே அனுப்பிவிடலாம்.

எனக்குப் பாண்டிச்சேரியில் பி.யு.சி. படிக்க வேண்டும். கணக்கு வாத்தியார் அப்பாவிடம் நேரிலேயே சொல்லியிருந்தார், இந்தப் பொண்ணை நிறுத்தாதீங்க என்று. அப்பா உப்பளத்தில் மோட்டார் போட்டுப் பாத்திக்குத் தண்ணீர் விடுகிறவர். எதற்கும் "பாக்கலாம்" என்பார். வாத்தியாரிடமும் பாக்கலாம் என்றார், மாமாவிடமும் பாக்கலாம் என்றார். ஆகவே பார்க்க வேண்டியது நான்தான். என் கணக்கு சுலபமாக இருந்தது. பட்டுப்புடவையில் உட்கார்ந்தால் அது பெண் பார்க்கிற போட்டோ, தபாலில் ஏறிவிடும். தாவணியில் உட்கார்ந்தால் அது ஸ்கூல் போட்டோ, வீட்டுச் சுவரோடு நின்றுவிடும்.

அம்மாவோடு சண்டை போடவும் முடியவில்லை. அவளுடைய ஜாக்கெட்டை எனக்கு அளவாக இரண்டு பக்கமும் பிடித்துக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள். உப்பில் வெடித்த விரலில் ஊசி நிற்காது. துணியால் பிடித்துப் பிடித்துத் தள்ளினாள். தலை நிமிராமல் சொன்னாள்: "அந்த வீட்ல யாரும் உப்புல கால் வெக்க வேணாம்டீ. நெல்லுல நடக்குற வீடு."

நான் தாவணியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கஞ்சி போட வேண்டும், மொடமொடவென்று நிற்க வேண்டும், நாளைக்குக் காலையில் போட்டோ. துணியைக் கடைசியாக நல்ல தண்ணீரில்தான் அலச வேண்டும், கஞ்சியும் அதில்தான் கரைக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். நல்ல தண்ணீர்க் குழாய் தெருக்கோடியில். அங்கே குடங்கள் வளைந்து வளைந்து நின்றன. என்னால் நிற்க முடியவில்லை. கொல்லைக் கிணற்றில் ஒரு வாளி இறைத்தேன். அது வெறும் உவர். பாத்திரம் கழுவத்தான் வைத்திருந்தோம். ஒரு தடவைதானே, என்ன ஆகிவிடும் என்று அலசி, அதிலேயே கஞ்சியும் கரைத்து, பிழிந்து போட்டேன்.

காலையில் தாவணி காயவே இல்லை. உப்பு ஏறின துணி பனியை விடாமல் குடித்திருந்தது. பித்தளைச் சொம்பில் தணல் போட்டுத் தேய்த்தேன். ஆவி வந்தது, ஈரம் போகவில்லை. நேரமாகிவிட்டது. நடந்தால் காற்றில் காய்ந்துவிடும் என்று கட்டிக்கொண்டு ஓடினேன். ஓடியதால் காய்ந்ததா, வெயிலில் காய்ந்ததா தெரியாது.

குரூப் போட்டோவுக்கு வரிசை கட்டியபோதுதான் சிநேகிதி என் தோளைப் பார்த்தாள். குனிந்து பார்த்தேன். கருநீலத்தின்மேல் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் வந்துகொண்டிருந்தன. கரையில் அலை வந்து போன இடம் மாதிரி, ஒன்றின் கீழ் ஒன்றாக வளைந்து. காயக் காய இன்னும் எழும்பின. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். அந்த இடம் கருத்து, ஓரத்தில் புதுக் கோடு ஒன்று வந்தது.

"இன்னாடி, மேப்பு போட்டு வந்துக்கிறே?" என்றாள் அவள். உலக மேப்பு என்று நினைத்துக்கொள், பேசாமல் நில் என்றேன். பின் வரிசையில் உயரமானவர்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்றதால் குரூப்பில் என் தலையும் ஒரு காதும்தான் இருக்கின்றன.

அது முடிந்ததும் தனிப் போட்டோ. பூவரச மரத்தடியில் ஒரு நாற்காலி, பின்னால் கட்டின போர்வை. அம்மா வந்திருந்தாள். பாதி வேலையில் மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டு வந்தவள், மஞ்சள் பையை நெஞ்சோடு பிடித்தபடி, பையன்கள் கண்ணில் படாமல் மரத்துக்கு அந்தப் பக்கமாக நின்றாள். புடவையை முழங்காலுக்குச் செருகியிருந்ததை இறக்கிவிட்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. தண்ணீர் எந்தக் கிணறு என்று அவள் கேட்கவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. கெமிஸ்ட்ரி ரூமில் போய்ப் புடவையைக் கட்டிக்கொண்டு வா என்று பையை நீட்டினாள். இது ஸ்கூல் போட்டோ, நான் தாவணியில்தான் உட்காருவேன் என்றேன். போட்டோகிராபர் கருப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார்.

"ஏம்மா, அந்தக் கோடெல்லாம் அப்படியே விழும். பாத்துக்க. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

சிநேகிதி உடனே தன் மெரூன் தாவணியை மாற்றித் தருகிறேன் என்று முன்னால் வந்தாள். வந்தவாசி இடத்தைப் பற்றி நான் சொல்லாததால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு அடி இறங்கி வந்தாள்.

"சரி, புடவை வேணாம். அவ தாவணியைக் கட்டிக்க. நல்லாத்தான் இருக்குது, அனுப்பலாம்."

என் கணக்கு அங்கே உடைந்தது. தாவணியோ புடவையோ, சுத்தமாக இருந்தால் தபாலில் போகும். போக முடியாதது ஒன்றே ஒன்றுதான், அதை நான் உடம்பில் கட்டியிருந்தேன். எனக்குக் கால் பரபரத்தது. யோசிக்க நேரமில்லை, பின்னால் வரிசை நிற்கிறது. போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். தாவணியை இழுத்து, கோடுகள் மடிப்பில் மறையாதபடி தோளில் விரித்துவிட்டுக்கொண்டேன்.

"இதுலயே எடுங்க சார்."

"இதோடவா?" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை.

"இதோடதாம்மா."

அப்போதுதான் அவளுடைய புடவைக் கரையைப் பார்த்தேன். இறக்கிவிட்டிருந்த கணுக்கால் பக்கம், தினமும் பார்க்கிற அதே வெள்ளைக் கோடு. அவளும் என் தோளைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், பையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். போட்டோகிராபர் ஆடாமல் உட்காரச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எங்கே ஆடாமல் இருந்தேன்? அம்மா உப்பளத்துப் பக்கம் திரும்பி நடப்பதைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். அவர் சலித்துப்போய், திரும்பின ஒரு நொடியில் எடுத்துவிட்டார்.

போட்டோ வந்தபோது முகம் லேசாகக் கலங்கியிருந்தது. கோடுகள் துல்லியமாக இருந்தன. அம்மா வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தால் ஒரு கோட்டைச் சுரண்டிப் பார்த்தாள். போட்டோவுக்குள் இருப்பது போகுமா? பட்டுப்புடவையோடு பெட்டியில் வைத்துவிட்டாள். மாமா வந்து கேட்டபோது, போட்டோ சரியாக விழவில்லை, பரீட்சை முடியட்டும் என்றாள். மாமா என்னைப் பார்த்தார். நான் பூகோளப் புஸ்தகத்தைப் பார்த்தேன். திண்டிவனம் போய் இன்னொன்று எடுக்கலாமே என்றார். உப்பு வாருகிற காலத்தில் யாருக்கு நேரம் இருக்கிறது என்று அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அது நிஜம்தான். அது மட்டும்தானா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

பரீட்சை முடிந்து, ரிசல்ட் வந்தது. கணக்கில் நல்ல மார்க். கணக்கு வாத்தியாரே காலேஜ் பாரம் வாங்கி வந்து கொடுத்தார். அப்பா பாக்கலாம் என்றார். அன்றைக்கு மாலை அம்மா அவரிடம் என்ன பேசினாள் என்று தெரியாது. மறுநாள் காலையில் பஸ்ஸுக்குக் காசு கொடுத்தார். பாரத்தில் போட்டோ ஒட்ட ஒரு கட்டம் இருந்தது. என்னிடம் இருந்த போட்டோ ஒன்றுதான்.

அம்மா பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நின்றபடியே வெட்டப் போனேன்.

"குடு இங்க. உன் அவசரக் கையில காதும் சேத்துப் போயிடும்." வாங்கிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். "கழுத்து வரைக்கும்தான். கோடு ஒண்ணுகூட அவங்க கண்ணுல படக் கூடாது."

பேனாவால் லேசாகக் கட்டம் போட்டு, சரிகையை வெட்டுவதுபோல நிதானமாக வெட்டினாள். ரோட்டில் பாண்டிச்சேரி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"பஸ் போயிடும்மா."

"போனா இன்னொண்ணு வரும். ஆடாம நில்லு."