மச்சினனுக்கு ஒரு துண்டு ஈரல்: எரியோட்டிலிருந்து கன்னிவாடி வரை

வழக்கமாக இங்கே அருவி, அணைக்கட்டு, எந்தக் கடையில் எது ருசி என்றுதான் எழுதுவேன். இந்த முறை போனது ஈரல் விசாரிக்க. கறிக்கடை ஈரல் இல்லை, மனுஷ ஈரல். என் மனைவி செல்வராணியின் தம்பி சேகருக்குக் குடியால் ஈரல் சுருங்கிவிட்டது. வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளாகி, இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தான். மாற்று ஈரல் வைக்க வேண்டிவரலாம் என்றார்கள். "என்னோடதுல வெட்டிக் குடுங்க" என்று அக்காக்காரி அங்கேயே சொல்லிவிட்டாள். அன்றைக்குப் போனது என் தூக்கம்.

மதுரை ஈரல் டாக்டர்கள் மாதம் ஒரு ஞாயிறு திண்டுக்கல்லில் வந்து பார்க்கிறார்கள். போன புரட்டாசியில் அப்படி ஒரு ஞாயிறு, காலை ஆறரைக்கு எரியோட்டில் பஸ் ஏறினோம். இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட, முக்கால் மணி நேரம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஈரல் கொடுக்கப் போகிறவள் இலவசமாக வந்தாள், வேடிக்கை பார்க்கப் போன நான் காசு கொடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ எண்பது ரூபாய். டிரைவர் கண்ணாடியில் சேகரின் கண்ணைப் பார்த்தார்.

"தண்ணியாண்ணே?"

"ஆமாப்பா. ஈரல் மாத்தணுமாம். எம் வீட்டுக்காரம்மாதான் குடுக்குது. அவனுக்கு அக்கா."

டிரைவர் ஒரு திருப்பம் திரும்பினார். பிறகு, "குடிச்சது அவரு, வெட்டுறது அக்காவையா?" என்றார்.

"எனக்கும் அதேன்ணே தோணுது" என்றான் சேகர், வெளியே பார்த்தபடி. செல்வராணி அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

பத்தாவது வரை படித்த தைரியத்தில், சேகரைப் பார்த்த டாக்டரம்மாவிடம் நான் கேட்டேவிட்டேன்: "குடிச்சுக் கெடுத்தவனுக்கு நல்ல ஈரலை வைக்கிறது நியாயமா? குடிக்காத ஆளுக எத்தனை பேரு காத்துக்கிட்டு இருப்பாக?"

அவர் கோபப்படவில்லை. "சர்க்கரை ஏறி வர்றவங்களை, ஏன் இனிப்பு சாப்பிட்டீங்கன்னு திருப்பி அனுப்புறோமா? குடியும் ஒரு நோய்தான். ஈரல் வச்சதுக்கப்புறம் குடிக்காம இருந்தா, இவங்களும் மத்தவங்களைப் போலவே நல்லா இருக்காங்க. சிலர் திரும்பக் குடிச்சுடறாங்க, அதையும் மறைக்கலை. அதனால ஈரலோட சேர்த்து ஆளையும் வீட்டையும் பார்க்கிறோம். அப்புறம், இறந்தவங்க ஈரலுக்குத்தான் காத்திருப்பு வரிசை. அக்கா குடுத்தா அதுல யார் பங்கும் போகாது. அங்க கேள்வியே வேற. நல்லா இருக்கிற ஒரு உடம்புல கத்தி வைக்கலாமா?"

என் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி அதுதான்.

பிறகு சேகரிடம், "குடியை விட்டாச்சா?" என்றார். அவன் பெருமையாக மணிக்கட்டை நீட்டினான். கன்னிவாடிப் பக்கம் மலையடிவாரத்துக் கோயிலில் குடியை விடுகிறவர்களுக்குக் கயிறு கட்டுவார்கள். எதுவரைக்கும் என்று கெடு சொல்லித்தான் கட்ட வேண்டும்.

"கார்த்திகை வரைக்கும் கட்டிருக்கேன் டாக்டர். கார்த்திகையில மாலை போட்டுருவேன். தை வரைக்கும் கவலையில்ல."

"தைக்கு அப்புறம்?"

மூன்று பேரும் விட்டத்தைப் பார்த்தோம். அவ்வளவு தூரம் எங்கள் குடும்பத்தில் யாருமே யோசிக்கவில்லை.

அடுத்து செல்வராணியை மட்டும் தனி அறைக்குக் கூப்பிட்டார்கள். ஈரல் தருகிறவரை யாராவது வற்புறுத்துகிறார்களா என்று தனியாகத்தான் கேட்பார்களாம். வெளியே நான் நின்றேன். அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது. அப்புறம் சேகரின் வீங்கிய காலைப் பார்த்தேன். நர்ஸிடம் போய், "எனக்கும் ஒரு ஸ்கேன் எடுங்க, என்னோடதைக் குடுக்கிறேன்" என்றேன். அக்கா புருஷன் என்றால் தனிக் கமிட்டியின் அனுமதி வேண்டுமாம். முதலில் ஸ்கேனைப் பார்ப்போம் என்றார்கள்.

"குடிப்பீங்களா?" என்றார் டாக்டரம்மா, படத்தைப் பார்த்துவிட்டு.

"ஒரு சொட்டு கிடையாதுங்க."

"பரோட்டா?"

நான் சட்டையை இழுத்து வயிற்றை மூடினேன். ஈரல் முழுக்கக் கொழுப்பாம். யாருக்கும் ஆகாதாம். பல மாதங்களுக்குப் பிறகு சேகர் வாய்விட்டுச் சிரித்தான். "மாமா, குடிக்காமயேவா!"

முடிவாகச் சொன்னது இது: மனநல ஆலோசனை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, ஒரு சொட்டு கூடக் கூடாது. குடியை விட்டதும் சிலருக்கு ஈரல் கொஞ்சம் தேறி, ஆபரேஷனே தேவைப்படாமல் போவதுண்டு. தேறாவிட்டால் செல்வராணிக்கு மற்ற பரிசோதனைகள்.

மத்தியானம் மெஸ்ஸில் சாம்பார் சாதத்துக்கு முன்னால் மெதுவாகக் கேட்டேன். "உள்ள என்ன கேட்டாக?"

"யாராச்சும் கட்டாயப்படுத்துறாகளான்னு. ஆமான்னேன்."

"யாரு?"

"நீங்கதான். குடுக்காத, குடுக்காதன்னு." வெஞ்சனத்துக்கு வைத்த பொரியலை என் பக்கம் தள்ளினாள். "எனக்குப் பயமில்லைன்னு நினைச்சீகளா? பயத்தோடதேன் குடுக்கிறேன்."

ஊருக்குப் போகலாம் என்றேன். கன்னிவாடிக்குப் போவோம் என்றான் சேகர். ரெட்டியார்சத்திரம் வழியாகப் பஸ், ஒரு மணி நேரத்துக்குள். பழைய கயிற்றை அவிழ்த்துப் புதிதாகக் கட்டச் சொன்னான்.

"எதுவரைக்கும்ப்பா?" என்றார் பூசாரி.

"எங்கக்கா இருக்கிற வரைக்கும்."

"ஏலே, நான் செத்தா குடிச்சுருவியா?" என்றாள் செல்வராணி.

பூசாரியே சிரித்துவிட்டார். "கெடு சொல்லுப்பா, இல்லாட்டிக் கட்ட முடியாது."

சேகர் யோசித்தான். "ஒரு மாசம். மாசாமாசம் வாரேன்."

பக்கத்தில் நானும் கையை நீட்டினேன்.

"உங்களுக்கு என்னண்ணே?"

"பரோட்டாங்க."

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். எவ்வளவு குடித்தோம் என்பதை டாக்டரிடம் குறைத்துச் சொல்லாதீர்கள். தரப்போகிறவர் தனியாகப் பேசும்போது கதவருகே நிற்காதீர்கள். வீட்டில் மற்றவர்களும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், சிரிப்பதற்கு ஏதாவது கிடைக்கும்.

ஈரல் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. சேகரின் கயிறு இரண்டு முறை மாறிவிட்டது. நேற்று இருட்டும் நேரம் அவனோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஒயின்ஷாப் திருப்பத்தில் அவன் கையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நாலு கடை தள்ளிப் பரோட்டாக் கல்லில் கொத்துக் கரண்டிச் சத்தம் கேட்டது. அவன் என் கையை விடவில்லை.